புதுச்சேரியின் முதல் குடிகளைத் தேடுவது எப்படி

புதுச்சேரியில் எந்தத் தெருவை, எந்த வீட்டை, எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கினாலும், முதலில் ஒரு தாளில் 1761 என்று எழுதித் தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையிடம் ஊர் விழுந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் கடலோரத்து ஐரோப்பியர் வீடுகளும் திட்டமிட்டு இடிக்கப்பட்டன. 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1765-ல் பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் வந்து, பழைய தெருக்களின் போக்கிலேயே ஊரை மறுபடி எழுப்பினார்.

வேலை முழுவதையும் இந்தக் கோடுதான் இரண்டாகப் பிரிக்கிறது. கோட்டுக்கு முந்தைய காலத்தைத் தாளில் தேட வேண்டும்; பிந்தைய காலத்தைத் தாளிலும் தேடலாம், செங்கல்லிலும் தேடலாம். துமா வீதியிலோ ரொமான் ரோலான் வீதியிலோ நின்றுகொண்டு, "இது துய்ப்ளே காலத்து வீடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துய்ப்ளே ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவர் பார்த்த வெள்ளை நகரம், அதாவது கடலோரத்து ஐரோப்பியர் பகுதி, இன்று தரைக்கு மேலே இல்லை.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அழிவு அந்த அளவுக்கு இல்லை. துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் 1738-ல் கட்டப்பட்ட மாளிகை நிற்கிறது. அவருக்கு முன் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் தம் மகன் நினைவாக 1745-ல் ஒழுகரையில் கட்டிய அந்திரேயர் கோயில் நிற்கிறது. எனவே பழமையைத் தேடுகிறவர் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடக்க வேண்டும். சுற்றுலா வரைபடங்கள் இதற்கு நேர்மாறாகத்தான் வழி காட்டுகின்றன.

எந்த "முதல்" என்று முடிவு செய்யுங்கள்

"முதல் குடிகள்" என்று பொதுவாகத் தேடினால் எதுவும் அகப்படாது. குறைந்தது நான்கு அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, சான்று இருக்கும் இடமும் வேறு.

முதல் அடுக்கு அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள இந்த இடத்தில் மார்ட்டிமர் வீலர் 1945-ல் அகழ்ந்தார். அவருக்குப் பின் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் தோண்டினார்கள். ரோமானிய மது ஜாடித் துண்டுகளும் மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் கிடைத்தன. கிரேக்கக் கடல் வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆனால் அரிக்கமேட்டுக் குடிகளுக்கும் இன்றைய நகரத் தெருக்களுக்கும் இடையே நேரடித் தொடர்ச்சியைக் காட்டும் சான்று இல்லை. "இரண்டாயிரம் ஆண்டு பழமையான நகரம்" என்று ஒரே மூச்சில் எழுதுவது அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

இரண்டாவது அடுக்கு கோயில் ஊர்கள். வில்லியனூர், திருபுவனை, பாகூர் கோயில் கல்வெட்டுகளிலும், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டிலும் நிலம், ஏரி, கல்விச்சாலை எல்லாம் பேசப்படுகின்றன. உழவுக் குடிகளின் பழமையைத் தேடுகிறவர் இங்கே போக வேண்டும். வெள்ளை நகரத்தில் அவர்களைத் தேடுவது வீண்.

மூன்றாவது அடுக்குத்தான் பெரும்பாலோர் உண்மையில் தேடுவது: 1673-க்கும் 1761-க்கும் இடையே வந்து குடியேறியவர்கள். பீஜப்பூர் சுல்தானுக்காக இந்தப் பகுதியை ஆண்ட ஷெர்கான் லோடி இடம் கொடுக்க, 1673-ல் பெலாஞ்சே தெ லெஸ்பினே இங்கே கால் வைத்தார். 1674-ல் சாந்தோமை டச்சுக்காரர்களிடம் இழந்தபின், பிரான்சுவா மர்த்தேன் இந்த ஊரையே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இருப்பிடமாக்கினார். அவருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது துணி. துணிக்கு நெசவாளர், நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்கித்தர வணிகர், வணிகரோடு பேச துபாஷி, சரக்கைக் கப்பலேற்றப் படகுக்காரர்: குடியேற்றம் இந்தச் சங்கிலிப்படி நடந்தது. தானப்ப முதலியார் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்தார். நைனியப்ப பிள்ளையும், அவரை அடுத்து ஆனந்தரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளையும் சென்னைப் பக்கமிருந்து வந்தார்கள். ஒரு குடும்பத்தின் வேர் தேடும்போது முதல் கேள்வி "என்ன சாதி" என்பதாக இருக்க வேண்டாம். "கம்பெனிச் சங்கிலியில் எந்தக் கண்ணி" என்று கேளுங்கள். எந்த ஆவணத்தைத் திறக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

நான்காவது அடுக்கு 1816-க்குப் பின் வந்தவர்கள். ஆலைத் தொழிலாளர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்த சொல்தாக்கள், 1908-ல் வந்த பாரதியும் 1910-ல் வந்த அரவிந்தரும் போன்ற அரசியல் அடைக்கலம் தேடியவர்கள். இவர்களுக்கு ஆவணம் ஏராளம்; தேடலில் சிக்கல் குறைவு.

மீனவக் குப்பங்களை இந்த அடுக்குகளில் எதிலும் அடைக்க முடியாது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் ஆகியவற்றின் மக்கள் எல்லா அடுக்கிலும் உண்டு, ஆனால் ஆவணங்களில் பெயரோடு வருவது அரிது. 1866-ல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் கட்டப்படும் வரை கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டுத்தான் நிற்கும். ஆளும் சரக்கும் அலை தாண்டிக் கரை சேர்ந்தது சலங்கு என்ற படகுகளில்தான். ஆகவே அந்தப் படகுக்காரர்களைப் பிறப்பு, திருமணப் பதிவுகளில் தேடிச் சோர்ந்துபோகாமல், கப்பல் சரக்குக் கணக்குகள், படகுக் கூலி வரிகள், கூலித் தகராறுகள் ஆகியவற்றில் தேடுங்கள். தனி ஆள் பெயர் கிடைக்காவிட்டாலும், எத்தனை படகு, என்ன கூலி, யார் தலைவர் என்பது கிடைக்கலாம்.

கொடி மாறிய ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்

யார் ஆண்டார்களோ அவர்கள் மொழியில்தான் தாள் இருக்கும், அவர்கள் நாட்டுக் காப்பகத்தில்தான் அது கிடக்கும். 1674 முதல் 1693 வரை பிரெஞ்சு. 1693 முதல் 1699 வரை டச்சு. 1699 முதல் 1761 வரை பிரெஞ்சு. 1761–65 ஆங்கிலேயர், 1765–78 பிரெஞ்சு, 1778–85 ஆங்கிலேயர், 1785–93 பிரெஞ்சு, 1793–1816 ஆங்கிலேயர். 1816 முதல் 1954 நவம்பர் 1 வரை இடைவெளியின்றிப் பிரெஞ்சு. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

1800-ல் ஒரு வீடு யாரிடம் இருந்தது என்று பிரெஞ்சுக் காப்பகத்தில் மட்டும் தேடிவிட்டு "ஆவணம் இல்லை" என்று முடித்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. அந்த ஆண்டுகளுக்கான தாள்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் தேடப்பட வேண்டியவை. டச்சு ஆண்டுகளுக்கு ஹேக் நகரத்துத் தேசியக் காப்பகம். ஒரு குடும்பம் திடீரென்று ஆவணத்திலிருந்து மறைந்தால், செத்துப்போனார்கள் என்றோ ஊரைவிட்டுப் போனார்கள் என்றோ எழுதுமுன், அந்த ஆண்டு இந்தப் பட்டியலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

நாள் கணக்கு: வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்கி, அவர் இறந்த 1761 ஜனவரியை ஒட்டி நிற்கிறது. முதல் குடிகளைப் பற்றித் தமிழில் இதைவிட நெருக்கமான சான்று கிடையாது. தெருச் சண்டை, திருமணச் செலவு, கப்பல் வரவு, யார் வீட்டுக்கு யார் போனார் என்பதெல்லாம் நாளோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்த அறுபது ஆண்டுச் சுழற்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. பிரபவ ஆண்டு 1687-லும் 1747-லும் 1807-லும் தொடங்கியது. ஆண்டுப் பெயரின் வரிசை எண்ணை 1686-உடனோ 1746-உடனோ 1806-உடனோ கூட்டுங்கள். நள ஆண்டு 50-ஆவது. 1686-உடன் 50 கூட்டினால் 1736. விக்கிரம ஆண்டு 14-ஆவது. 1746-உடன் 14 கூட்டினால் 1760. ஆனால் விக்கிரம ஆண்டுத் தை மாதம் 1761 ஜனவரியில் வரும். மார்கழிப் பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிய உள்ள நாட்களுக்கு ஒன்று கூட்ட மறந்தால், ஊர் விழுந்த செய்தியையே ஓராண்டு முன்னால் தள்ளிவிடுவீர்கள்.

இன்னொரு நுட்பம்: இன்று சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. இன்றைய நாட்காட்டியை வைத்து அன்றைய ஆடி 5-ஐக் கணக்கிட்டால் நான்கு நாள் தவறும்.

இதோடு ஆங்கில ஆவணத்தைச் சேர்த்துப் படிக்கும்போது மூன்றாவது சிக்கல் வரும். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன். 1700-க்குப் பின் இரண்டுக்கும் வேறுபாடு 11 நாள், அதற்கு முன் 10 நாள். பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்த நாள் பிரெஞ்சுத் தாள்களில் 1746 செப்டம்பர் 21. ஆங்கிலத் தாள்களில் செப்டம்பர் 10. இரண்டு நிகழ்ச்சி நடக்கவில்லை, ஒன்றுதான். அதோடு அந்தக் காலத்து ஆங்கில ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது என்பதால், ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளில் ஆண்டு எண் ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் குழப்பத்தை எல்லாம் தீர்க்க ஒரு நல்ல சோதனை உண்டு: கிழமை. எந்த நாட்காட்டியாக இருந்தாலும் கிழமை மாறாது. பிரெஞ்சு 1746 செப்டம்பர் 21-ம் புதன், ஆங்கிலச் செப்டம்பர் 10-ம் புதன். பிள்ளை பெரும்பாலும் கிழமையை எழுதியிருப்பார். உங்கள் கணக்கில் வரும் கிழமையும் அவர் எழுதிய கிழமையும் ஒத்துப்போகாவிட்டால், அடுத்த பத்திக்குப் போகாமல் அங்கேயே நின்று திருத்துங்கள்.

பெயரைப் பிரெஞ்சு எழுத்தரின் காதால் கேளுங்கள்

பிரெஞ்சுப் பதிவில் தமிழ்ப் பெயரை எழுதியவர் தம் காதில் விழுந்ததை எழுதினார். பிள்ளை 'புல்லே' ஆனார். முதலியார் 'மொதெலி', 'முதெலியார்' என்று பல கோலத்தில் வருவார். குப்பம் 'கூபோம்' ஆகும். ழகரம் பெரும்பாலும் லகரமாகும்: ஒழுகரை 'உல்கரே', வழுதாவூர் 'வல்தாவூர்'. உகரத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து வேண்டும் என்பதால், இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தேடுபெட்டியில் தட்டினால் எதுவும் வராது.

தேடத் தொடங்குமுன் ஒவ்வொரு பெயருக்கும் ஆறு முதல் எட்டு எழுத்துக்கூட்டல்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலெழுத்து ககரமானால் இரண்டு வகை. சகரமானால் மூன்று வகை வரலாம். இறுதி ஐகாரத்துக்கு எகரம், இகரம் இரண்டும் வரும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அகரவரிசையின் எல்லா இடத்திலும் பாருங்கள். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரே ஆளின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருப்பது சாதாரணம்.

கிறிஸ்தவக் குடும்பமானால் சிக்கல் வேறு. ஞானஸ்நானப் பதிவில் புனிதர் பெயர் மட்டும் இருக்கும். ஊரில் வழங்கிய பெயர் இருக்காது. கனகராய முதலியாரே ஐரோப்பியத் தாள்களில் 'பேத்ரோ' என்று வருவார். இங்கே ஆளைத் தனியாகத் தேடாமல் ஞானத்தாய், ஞானத்தந்தை, சாட்சி ஆகியோர் பெயரைத் தொடருங்கள். ஒரே கூட்டம் மாறி மாறிச் சாட்சி போட்டிருக்கும். மூன்று நான்கு பதிவுகளைச் சேர்த்து வைத்தால் குடும்பம் தெளிந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு முறிவு உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையின்படி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எவரும் தம் மரபுச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆனது. துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனது இப்படித்தான். ஆகவே ஐரோப்பியக் குடும்பப் பெயரைப் பார்த்ததும் பிரெஞ்சு இரத்தம் என்று முடிவு கட்டக்கூடாது. 1881-க்கு முன்பே அந்தப் பெயர் பதிவில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், அரசு இதழில் வெளியான துறப்பு அறிவிப்புகளில் தேடுங்கள். பழைய தமிழ்ப் பெயரும் புதுப் பெயரும் அங்கே ஒரே வரியில் நிற்கும்.

எந்தத் தாள் எங்கே

ஊரின் கிறிஸ்தவப் பதிவேடுகள் 1676-லிருந்து கிடைக்கின்றன. 1776-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று, காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி பிரான்சுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று விதித்தது. அதனால்தான் இங்கே கறையானும் ஈரமும் தின்ற பலவும் அங்கே பிழைத்தன. அவை தென் பிரான்சில் எக்ஸ் ஆன் ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசியக் காப்பகத்தில் உள்ளன. அதன் இணையதளத்தில் இந்தியா, பிறகு ஊர், பிறகு ஆண்டு என்று தேர்ந்தால் பக்கப் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் தட்டித் தேட முடியும் என்று எண்ணிப் போகாதீர்கள். பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். பல தொகுதிகளின் கடைசியில் பெயர் அகரவரிசை இருக்கும், அதை முதலில் திறங்கள்.

இந்தப் பழைய பதிவேடுகள் ஐரோப்பியர், தொப்பாசுகள் (போர்த்துகீசிய வழிக் கலப்பினக் கிறிஸ்தவர்), கிறிஸ்தவத் தமிழர் ஆகியோருக்கு மட்டுமே உதவும். இந்துக்களும் முஸ்லிம்களும் பரவலாகப் பதிவுக்குள் வருவது 1880-ஐ ஒட்டித்தான். அதற்கு முந்தைய செட்டியாரையோ கைக்கோளரையோ மரைக்காயரையோ பிறப்புப் பதிவில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். அவர்கள் வழக்கில் இருப்பார்கள். தமிழர் வழக்குகளை விசாரித்த சாவடி நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் சொத்துப் பங்கு, கடன், தத்து, பெண் கொடுத்த தகராறு எல்லாம் உண்டு. ஒப்பந்தத்திலும் இருப்பார்கள், கம்பெனியின் துணிக் கொள்முதல் கணக்கில் வணிகர் பெயர் வரிசையாக வரும். 1701-ல் அமைந்த உயர் ஆலோசனைச் சபையின் தீர்மானங்களிலும் கடிதங்களிலும் இவர்கள் அடிக்கடி தலைகாட்டுவார்கள். அவற்றில் பெரும்பகுதியை 1911-ல் தொடங்கிய பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் அச்சிட்டது. பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் பல தொகுதிகள் கிடைக்கின்றன.

பிரான்சிலிருந்து வந்த சிப்பாய், மாலுமி, எழுத்தர் ஆகியோரைத் தேட வேறு வழி. கம்பெனியின் துறைமுகமான லொரியானில் கப்பல் ஆள் பட்டியல்கள் காக்கப்பட்டு, பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெசோம்' தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அங்கே பெயர் தட்டித் தேடலாம்; ஆளின் சொந்த ஊர், ஏறிய கப்பல், இறங்கிய இடம் மூன்றும் பெரும்பாலும் கிடைக்கும். பலருக்கு "புதுச்சேரியில் மரணம்" என்பதே கடைசிக் குறிப்பு.

உள்ளூரில் லாஸ்பேட்டையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம், செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம், 1827-ல் தொடங்கிய ரொமான் ரோலான் நூலகம் மூன்றுக்கும் போகலாம். அடையாள அட்டையும், எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். "புதுச்சேரி வரலாறு" என்று எழுதிக் கொடுத்தால் யாராலும் உதவ முடியாது. "1820 முதல் 1850 வரை வெள்ளாழ வீதி வடசிறகு வீட்டு உரிமை" என்று எழுதினால் கட்டு எடுத்து வருவார்கள்.

பழைய வரைபடத்தை இன்றைய தெருவின் மேல் பொருத்துவது

வெள்ளை நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சு அமைப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் திட்டத்தை வரைந்தது 1693-க்கும் 1699-க்கும் இடையே ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏற்று வளர்த்தார்கள். நிக்கோலா தெ ஃபேர் 1705-ல் வெளியிட்ட திட்டப்படம் அச்சில் கிடைக்கும் பழைய படங்களில் ஒன்று. அதிலிருந்து தொடங்கலாம்.

அளவு 'துவாஸ்' என்ற அலகில் இருக்கும். ஒரு துவாஸ் 1.949 மீட்டர், அதாவது 6 பிரெஞ்சு அடி. பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடியைவிட 2 சென்டிமீட்டர் நீளம். இதைக் கவனிக்காமல் ஆங்கில அடியாகப் படித்தால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஆறு மீட்டருக்கு மேல் பிசகும். ஒரு வீட்டு மனை தள்ளிப்போக அது போதும்.

கியூஜிஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் படத்தைப் பொருத்தும்போது, பழைய படத்திலும் இன்றைய படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் எட்டு முதல் பத்து நிலைப்புள்ளிகளாவது வைக்க வேண்டும். புள்ளிகளைத் தேர்வதில்தான் வேலை நிற்கிறது. கடற்கரையை ஒருபோதும் நிலைப்புள்ளியாகக் கொள்ளாதீர்கள். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணல் தடைபட்டது. ஊர்முன் மணல் அரித்துப் பாறாங்கல் கொட்டும் நிலை வந்தது. இன்றைய கரைக்கோடு 1705-ன் கரைக்கோடு அல்ல. மணக்குள விநாயகர் கோயில், வாய்க்கால் போக்கு, நீண்ட தெருக்களின் சந்திப்புகள், பழைய மதில் போக்கில் அமைந்த பூல்வார் என்ற நான்கு அகலச் சாலைகள் ஆகியவை நம்பத்தக்க புள்ளிகள். வேதபுரீஸ்வரர் கோயிலை வைத்துப் பொருத்துவது பெரிய தவறாகும். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பழைய கோயில் இடிக்கப்பட்டது. அது சம்பா கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. இன்று காந்தி வீதிப் பக்கம் உள்ள கோயில் பின்னால் வேறிடத்தில் எழுந்தது.

தெருப் பெயர்களையும் பழையதும் புதியதுமாக இரண்டு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். துய்ப்ளே வீதி இன்று நேரு வீதி. கப்புச்சின் வீதி இன்று ரொமான் ரோலான் வீதி. கூர் ஷப்ரோல் இன்று கூபேர் சாலை. மேற்கே வெள்ளாழ வீதி, வைசியாள் வீதி, முல்லா வீதி, காஜியார் வீதி ஆகியவற்றின் பெயர்கள், யார் எங்கே குடியமர்த்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லிவிடும். நெசவாளருக்கு முத்தியால்பேட்டை. ஆனால் தெருப் பெயர் குடியேற்றத்தின் திசையைத்தான் காட்டும். அந்தத் தெருவில் ஒரு குறிப்பிட்ட வீடு அந்தச் சமூகத்தாருடையது என்பதற்கு அது சான்றாகாது. அதற்குப் பத்திரம் வேண்டும்.

பத்திரத்தைப் பின்னோக்கிப் படியுங்கள்

இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் தொடங்கித் தாய்ப்பத்திரம், அதன் தாய்ப்பத்திரம் என்று பின்னால் போக வேண்டும். 1954-க்கு முந்தையவை பெரும்பாலும் நொத்தேர் என்ற பத்திரப்பதிவு அலுவலர் முன் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. முழுப் பத்திரத்தையும் மொழிபெயர்க்கச் செலவழிக்காமல் மூன்றை மட்டும் முதலில் எடுங்கள்: விற்றவர் பெயர், அவருக்கு அந்தச் சொத்து வந்த வழி, செக்குபந்தி. நான்கு எல்லையில் உள்ள அண்டை வீட்டார் பெயர்கள் உங்கள் வீட்டைவிட அதிகம் பேசும். கதவு எண் பலமுறை மாறியிருக்கும். அண்டை வீட்டாரின் பெயர் அடுத்த பத்திரத்திலும் வரும், அதை வைத்துத்தான் மனையை உறுதி செய்ய முடியும். அண்டை வீட்டுப் பத்திரத்திலும் உங்கள் வீட்டார் பெயர் எதிர்த்திசையில் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் வேறு மனையைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

பாகப்பிரிவினைக்குப் பின் ஒரே வீடு நீளவாக்கில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். முற்றத்தின் நடுவே சுவர் ஓடினால் அதுதான் காரணம். அளவு பாதியாகக் குறைந்த ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரைப் படிப்பது

வெள்ளை நகரத்து வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும். வாசல் கடந்து தோட்டம், பிறகு வளைவுத் தூண் வரிசை. தமிழ் வீடு தெருவோடு பேசும்: வழிப்போக்கர் நிற்கத் தாழ்வாரம், உட்காரத் திண்ணை, உள்ளே முற்றம். கீழே தாழ்வாரமும் திண்ணையும், மேல்மாடியில் பிரெஞ்சுப் பாணி அரைத்தூணும் கைப்பிடிச் சுவரும் உள்ள வீடுகள் வைசியாள் வீதியில் உண்டு. இந்தக் கலவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு. அதை 1700-களுக்குத் தள்ள வேண்டுமானால் தாள் சான்று கேளுங்கள்.

ஆண்டைக் குறுக்க ஓடு உதவும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-ல். எனவே மங்களூர் ஓடு போட்ட கூரை அதற்குப் பிந்தையது. கூரைதான் பிந்தையது, சுவர் முந்தியதாக இருக்கலாம். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு மாற்றிய வீடுகள் ஏராளம். உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெர்ரஸ் தளத்தில் தேக்கு உத்திரத்துக்குப் பதில் இரும்பு உத்திரம் தெரிந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிந்தைய பழுதுபார்ப்போ ஆகும். உத்திரத்தின் பக்கவாட்டில் வார்ப்பு எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெறும் தோற்றத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரையில் உள்ள மெரி கட்டிடமே சான்று. 1870-களின் தொடக்கத்தில் கட்டிய அந்த நகர்மன்றம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டது. முகப்பு 19-ஆம் நூற்றாண்டு, சுவர் 21-ஆம் நூற்றாண்டு.

எழுதி வைக்கும்போது

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு தாள் போதும். மேலே மனையின் இன்றைய கதவு எண்ணும் பழைய தெருப் பெயரும். கீழே மூன்று பத்தி: பத்திரமோ பதிவேடோ சொல்வது, சுவர் சொல்வது, வீட்டார் சொல்வது. மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வீட்டார் சொல்வதைத் தள்ளவும் வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து வந்தோம், முத்தியால்பேட்டையில் தறி இருந்தது என்று பாட்டி சொல்வது, எந்தக் கட்டைத் திறக்க வேண்டும் என்பதற்கு நல்ல துப்பு. தேதியை மட்டும் அந்தப் பேச்சிலிருந்து எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே எந்த நாட்காட்டி என்று ஒரு எழுத்தில் குறியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஆவணத்தில் இருந்த எழுத்துக்கூட்டலை அப்படியே படியெடுங்கள். திருத்தி எழுதினால் அடுத்துத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் மறுபடி அகப்படாது. காப்பகத்தில் படம் எடுக்கும்போது கட்டு எண், பக்க எண் இரண்டும் தெரியும்படி முதலில் ஒரு படம், பிறகு உள்ளடக்கம். பதிவேட்டுப் படம் மங்கலாக இருந்தால் பக்கத்தின் மேல் விளிம்பையும் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஆண்டு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தின் தலையில்தான் எழுதப்பட்டிருக்கும்.

கடைசியாக, தாளின் இடப்பக்கம் அந்த 1761 கோட்டைப் போட்டு, உங்களுக்குக் கிடைத்த சான்றுகளில் எத்தனை கோட்டுக்கு மேலே, எத்தனை கீழே என்று எண்ணுங்கள். மேலே ஒன்றுகூட இல்லாவிட்டால் "18-ஆம் நூற்றாண்டு முற்பகுதி" என்று எழுதாதீர்கள். "1765-க்குப் பின்" என்று எழுதிவிட்டு, அடுத்துச் சாவடித் தீர்ப்புகளையும் கம்பெனிக் கொள்முதல் கணக்கையும் திறங்கள்.